சபுராளி மாமாவின் கொக்கு

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எங்கே ஒற்று வரும், எங்கே பெரிய ‘ற’ வரும் என்பது இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பேசுவதென்றாலும் எனக்குக் கூச்சம்தான். எழுதும்போது எதிரில் யாரும் உட்கார்ந்திருப்பதில்லை என்பதால் கொஞ்சம் தைரியம் வருகிறது. ஒரே ஒருவரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அதை ஒரு கொக்கிலிருந்து தொடங்கினால்தான் எனக்குச் சொல்ல வரும்.

மாமா வீட்டு மாடிக்கு முதல் விருந்தாளிகள் வரவிருந்த நாள். குடிதண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு நான் படியேறிப் போனேன். கழுவித் துடைத்த தரை இன்னும் காயவில்லை. சன்னல் திறந்திருந்தது, சன்னலுக்கு வெளியே வயல். கட்டிலின் நடுவே ஒரு வெள்ளைக் கொக்கு கழுத்தை வளைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வயலில் உழவு நடக்கும் நாட்களில் கொக்குக் கூட்டத்துக்குக் குறைவிருக்காது. ஒன்று வழிதவறி உள்ளே வந்துவிட்டது, புதுப் படுக்கையை அசிங்கம் செய்துவிடும் என்று பயந்து, குடத்தை இறக்கிவிட்டு ‘உஸ், உஸ்’ என்று கையை வீசினேன். அது அசையவில்லை. தோளில் கிடந்த துண்டை உருவி ஓங்கினேன். அப்போது பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. மாமா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு, வயிறு குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். “மாப்ளே, துண்ட வச்சுத் துண்டையேவா வெரட்டுற?” என்றார். கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தேன். கஞ்சி போட்ட ஈரிழைத் துண்டு. மடிப்பு மடிப்பாக மடித்து, கழுத்தும் அலகும் வைத்துக் கொக்காக்கியிருந்தார்.

மாமா என்றால் என் தாய்மாமன் இல்லை. எங்கள் ஊரில் இந்து வீட்டுக்காரர்களும் முஸ்லிம் வீட்டுக்காரர்களும் ஒருவரை ஒருவர் மாமா, மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். யார் தொடங்கி வைத்தது என்று யாருக்கும் தெரியாது. எனக்கு முந்திய தலைமுறையும் அப்படித்தான் கூப்பிட்டது. வெளிநாட்டுக்குப் போய்ச் சம்பாதித்துத் திரும்பியவர்களைச் சபுராளி என்போம். அவர் துபாயில் ஒரு பெரிய ஓட்டலில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தவர் என்பதால் ஊருக்கே சபுராளி மாமா. அங்கே என்ன வேலை என்று கேட்டால் மற்றவர்களைப் போல ‘சூப்பர்வைசர்’ என்று சொல்ல மாட்டார். “ரூம் கிளீனர்தான் மாப்ளே. கக்கூஸ் கழுவுனேன், மெத்தை விரிச்சேன், துண்டுல வாத்து செஞ்சேன்” என்பார். அங்கே அது வாத்து. இங்கே வந்ததும் அதைக் கொக்கு ஆக்கிவிட்டார்.

அந்தத் துண்டைப் பற்றி அவர் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். ஒரு நாளைக்கு இருபது அறை, இருபது வாத்து. அத்தனை வருஷத்தில் அதை யாரும் நின்று பார்த்து அவர் கண்டதில்லை. அறைக்குள் நுழைகிறவர்கள் பெட்டியைத் தூக்கி அதன் மேலேயே போடுவார்களாம். எங்கள் ஊருக்கு வந்த முதல் விருந்தாளி ஒரு வயதான அம்மா. அந்தக் கொக்கை இரண்டு கையாலும் ஏந்தி மேசை மேல் வைத்துவிட்டு, கலைக்க மனம் வராமல் தன் சேலைத் தலைப்பில் முகம் துடைத்துக்கொண்டார். மாமா அதை வாசற்படியிலிருந்து பார்த்துவிட்டுக் கீழே இறங்கி வந்தார். வந்ததும் இன்னும் இரண்டு துண்டை எடுத்துக் கஞ்சி போட்டார்.

எங்கள் ஊர் மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில், பெரிய சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. கடைமடை. மேட்டூரில் திறக்கிற தண்ணீர் எல்லா ஊரையும் பார்த்துவிட்டு, கடைசியாகக் களைத்துப் போய் எங்களிடம் வரும். சில வருஷம் வராமலும் போகும். தண்ணீர் குறைவான வருஷத்தில் முறை வைப்பார்கள். சில நாள் நம் வாய்க்காலில் விடுவார்கள், பிறகு அடைத்துவிட்டு வேறு பக்கம் திருப்புவார்கள். முறை என்றாலும் தலைமடைக்காரர்களுக்குத்தான் முதலில் பாயும். நாங்கள் மண்வெட்டியோடு கரையில் உட்கார்ந்து காத்திருப்போம்.

இப்படிப்பட்ட ஊருக்கு விருந்தாளிகள் வந்தது மாமா வீட்டு மாடியால்தான். துபாயிலேயே தங்கிவிட்ட மகன் அனுப்பிய பணத்தில் எழுந்த மாடி அது. மேலைநாட்டுக் கழிப்பறையோடு இரண்டு அறைகள். மகன் குடும்பத்தோடு லீவுக்கு வந்தால் தங்குவதற்கென்று கட்டியது. மகன் வரவில்லை, அறைகள் பூட்டியே கிடந்தன. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைப் பார்க்க ஆட்களை அழைத்துப் போகும் ஒரு சுற்றுலாக் கம்பெனிக்காரர், வழியில் கிராமம் ஒன்றைக் காட்ட வேண்டும் என்று தேடி வந்தார். கழிப்பறையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

ரேஷன் கடை வாசலில் ஊர் கூடியது. சாலையோரத்து மிராசுதார் வீட்டில் சமையல் செய்து எல்லோருக்கும் போடலாம், அங்கேதான் டைல்ஸ் தரை இருக்கிறது என்று பேச்சு வந்தது. கம்பெனிக்காரரும் தலையாட்டினார். மாமா மட்டும் மறுத்தார். “ரூமு என் வீட்டுல இருக்கட்டும். சோறு முறை வச்சுப் போடுவோம், வாய்க்கால் முறை மாதிரி. ஒரு தடவைக்கு ஒரு வீடு. ஆனா தெருக்கோடி கடைசி வீட்டுலேருந்து ஆரம்பிக்கணும். தண்ணிதான் எப்பவும் தலைமடைக்கு மொதல்ல போவுது. விருந்தாளியாவது கடைமடைக்கு மொதல்ல வரட்டுமே” என்றார். கூட்டம் சிரித்தது. மிராசுதாரும் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு மறுத்துப் பேச முடியவில்லை. அப்படித்தான் அது முடிவானது.

தெருக்கோடி கடைசி வீடு என்னுடையது.

அப்போது சின்னவளாக இருந்த மகளை என்னிடம் விட்டுவிட்டு என் மனைவி திருப்பூரில் இருந்தாள். ஒரு ஏக்கர் வரும் மூன்று மா குத்தகை நிலத்தை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்த முடியாமல், பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருவாள். போன் செய்தால் நான் “ம்” என்பேன். “ம்முன்னு சொல்றதுக்கு எதுக்குங்க போனு?” என்பாள். மாமா என் போனை வாங்கி, “புள்ள, உன் வீட்டுலதான் மொத பந்தி. உன் புருசன வச்சு ஒரு ரசம்கூட வைக்க முடியாது. கெளம்பி வா” என்றார். அவள் ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டு வந்தாள். முறை ஒரு சுற்று வந்து, இன்னொரு சுற்று வந்து, மாடியில் துணி துவைக்கிற வேலையும் அவளுக்கு என்று ஆனபோது, திருப்பூர்ப் பையைப் பரண் மேல் போட்டாள். அந்தப் பையை நான் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டே இருப்பேன்.

முதல் பந்தியைச் சொல்லாமல் விடக் கூடாது. பட்டணத்து ஆட்கள் நம் சாப்பாட்டைத் தொட மாட்டார்கள் என்று நாங்களே முடிவு செய்துவிட்டோம். என் மனைவி டிவியில் பார்த்துப் பனீர் மசாலா செய்தாள். மன்னார்குடியில் ரொட்டியும் ஜாமும் வாங்கி வந்தோம். நான் மாட்டைக் கொல்லைக்கு அப்பால் கொண்டுபோய்க் கட்டிவிட்டு, சாணி வாசனை போக வாசலில் ஊதுபத்தி கொளுத்தினேன். விருந்தாளிகள் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து வைத்துக்கொண்டிருந்தார்கள். அடுப்படியில் எங்களுக்கென்று வைத்த கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வயதான அம்மா மூக்கை உறிஞ்சி, “அது யாருக்கு?” என்று கேட்டார். என் மனைவிக்கு அழுகையே வந்துவிட்டது. மாமா எழுந்து போய்ச் சட்டியோடு தூக்கிக்கொண்டு வந்தார். “இது வீட்டுக்காரங்களுக்குங்க. நீங்களும் வீட்டுக்காரங்கதான்னா ஊத்துறோம்” என்றார். அன்றைக்குச் சட்டியில் எங்களுக்கு மீதி இல்லை.

மாமாவுக்கு ஒரே ஒரு விஷயத்தில் கோபம் வரும். யாராவது விருந்தாளி முன்னால் கைகட்டி நின்றால் பொறுக்க மாட்டார். ஒரு தடவை நான் அப்படி நின்றுவிட்டேன். அவர்கள் போனதும் கூப்பிட்டார். “இருபது வருசம் கதவு கதவாத் தட்டித் தலையக் குனிஞ்சு நின்னுருக்கேன் மாப்ளே. இங்க ஒருத்தனும் குனிய வேணாம். நாத்து நடுறப்பக் குனியிறது போதாதா?” என்றார். எனக்கு அது கூச்சத்தால் வந்த குனிவு என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் சொன்னார்.

இனி நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். அது நடந்தது மூன்றாம் வருஷத்துப் புரட்டாசியில். வேனில் வந்துகொண்டிருந்த விருந்தாளிகளை இனி பெரிய பஸ்ஸில், நாற்பது பேராக அழைத்து வரப் போகிறோம் என்று கம்பெனிக்காரர் சொல்லியிருந்தார். அவர்கள் நேராக வயலில் இறங்கி நாற்று நட வேண்டும், போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு வயலை நடாமல் வைத்திருக்க வேண்டும். சாலையிலிருந்து பார்த்தால் தெரிகிற வயல் என்னுடையது. அவர் எனக்குப் போன் செய்து, “அண்ணே, நாங்க வர்ற ஞாயித்துக்கெழம வரைக்கும் உங்க வயல மட்டும் விட்டு வைங்க” என்றார். எனக்கு மறுத்துப் பேச வராது. “சரிங்க” என்று சொல்லிவிட்டேன். என் மனைவியிடமும் சொல்லவில்லை, மாமாவிடமும் சொல்லவில்லை.

அது முறைத் தண்ணீர் வருஷம். எங்கள் வாய்க்காலில் புதன்கிழமை தண்ணீர் வந்தது, சனிக்கிழமை அடைத்துவிடுவார்கள். பஸ் வரப் போவது அதற்கு அடுத்த வாரத்து ஞாயிறு. ஊரில் எல்லோரும் ராத்திரி பகல் பார்க்காமல் பாய்ச்சி நட்டார்கள். நானும் உழுது, சேறடித்து, சமன் செய்து வைத்துவிட்டுக் கரையில் நின்றேன். பக்கத்து வயலில் நடவு முடியும் நிலையில் இருந்தது. நடவுப் பெண்கள், “என்னண்ணே, நாளைக்கு ஒங்க வயலா? நாத்து பறிச்சாச்சா?” என்று கேட்டார்கள். நான் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. இன்னும் பத்து நாள் விட்டால் கணு விழுந்துவிடும், நட்டாலும் தூர் கட்டிக் கிளைக்காது. தண்ணீரும் நின்றுவிட்டால் சேறு காய்ந்து வெடிக்கும். அந்த மூன்று மாவில் விளைவதுதான் எங்கள் வீட்டில் வருஷச் சோறு. எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் பஸ் நின்றுபோனால் பரண் மேல் இருக்கிற பை கீழே இறங்கிவிடும் என்பதும் தெரியும். ஒரு வருஷம் நெல் போனால் போகட்டும், அவள் வீட்டில் இருக்கட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் மாமா தன் பழைய டிவிஎஸ் வண்டியில் வந்தார். சுற்றிலும் பச்சை, நடுவில் என் வயல் மட்டும் வெறும் சேறாகக் கிடந்தது. வண்டியை நிறுத்திவிட்டு நாற்றங்காலில் இறங்கி ஒரு நாற்றைப் பிடுங்கிப் பார்த்தார்.

“யாருக்காவ இத வச்சிருக்க?”

சொன்னேன். பஸ்ஸைச் சொன்னேன், பையைச் சொன்னேன். அவ்வளவு நேரம் தொடர்ந்து நான் பேசியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். மாமா வரப்பில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை.

“தப்பு என் பேர்ல மாப்ளே. ‘நடவு காட்டுறோம்’னு அவங்ககிட்ட மொதல்ல சொன்னவன் நான்தான். ஓட்டல்ல எல்லாமே விருந்தாளிக்குக் காத்துக்கிட்டு கெடக்கும். மெத்தை காத்துக்கிட்டு கெடக்கும், சோறு காத்துக்கிட்டு கெடக்கும், நீச்சல் கொளத்துத் தண்ணிகூட. அந்தப் பழக்கத்துல சொல்லிட்டேன்.” கையிலிருந்த நாற்றை என்னிடம் நீட்டினார். “இதப் போய்க் காத்திருன்னு எப்படிச் சொல்றது?”

பையிலிருந்து போனை எடுத்தார். கம்பெனிக்காரரிடம் அவரே பேசினார். அந்தப் பக்கத்தில் குரல் உயர்ந்தது. வயல்காரரே சரி என்று ஒத்துக்கொண்டார், அவரிடம் கொடுங்கள் என்று அவர் கேட்டது எனக்கே கேட்டது. மாமா போனை என் பக்கம் திருப்பி, சத்தமாகக் கேட்கிற பொத்தானை அமுக்கினார்.

“ஹலோ, அண்ணே, கேக்குதா?”

“கேக்குதுங்க.”

“பத்து நாள்தானேண்ணே. நாப்பது பேரு பணம் கட்டிட்டாங்க. என்ன சொல்றீங்க?”

பக்கத்து வயலில் நடவு நின்றுவிட்டது. பெண்கள் கையில் நாற்றோடு நிமிர்ந்து என்னையே பார்த்தார்கள். மாமா என்னைப் பார்க்காமல் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கையிலிருந்த நாற்றின் வேரிலிருந்து சேறு காலில் சொட்டிக்கொண்டிருந்தது.

“நாளைக்கு நட்டுடுறோம்ங்க.”

“அப்ப வர்றவங்க எதப் பாப்பாங்க?”

“நட்டதப் பாக்கட்டும்ங்க.”

போன் அணைந்துவிட்டது. கம்பெனிக்காரர் அணைத்தாரா, என் கை பட்டு அணைந்ததா என்று தெரியவில்லை. பக்கத்து வயலில் ஒரே கூச்சல். “அடியே, அண்ணன் வாயத் தொறந்துட்டாருடி! இன்னிக்கு மழதான்!” என்று ஒருத்தி கத்தினாள். மறுநாள் விடியும்போதே அந்தப் பெண்கள்தான் என் வயலில் இறங்கினார்கள். மத்தியானத்துக்குள் நட்டு முடித்தோம். சனிக்கிழமை வாய்க்கால் அடைபடும்போது என் வயலிலும் தண்ணீர் நின்றது.

பஸ் வரவில்லை. பிறகு வேனும் வரவில்லை. கம்பெனி எங்கள் ஊரையே விட்டுவிட்டு வேறு பக்கம் போய்விட்டது. மாடி அறைகள் மறுபடியும் பூட்டிக் கிடந்தன. டீக்கடையில் என்னை வைத்துக்கொண்டே பேசினார்கள். “வருசத்துக்கு ஒரு வாட்டி வாயத் தொறப்பான். தொறந்து ஊரு சோத்துல மண்ணள்ளிப் போட்டான்.” எனக்கு வருத்தம் அதில் இல்லை. ஐப்பசி பிறந்ததும் ஒருநாள் வீட்டுக்குள் நுழைந்தபோது பரணில் பை இல்லை. அது கூடத்தில், தூசி தட்டி, வாயைத் திறந்துகொண்டு இருந்தது. “தீபாவளி கழிச்சுப் போலாம்னு பாக்குறேங்க” என்றாள் அவள். நான் “ம்” என்றேன். மாமாவும் அந்த நாட்களில் எங்கள் தெருப்பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டார். வந்தாலும் என் மனைவியை நேராகப் பார்க்க மாட்டார்.

தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் மாமாவுக்கு ஒரு போன் வந்தது. சென்னையிலிருந்து ஓர் அம்மா, பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. அந்தப் பஸ்ஸில் வருவதற்காகப் பேர் கொடுத்தவர். ஏன் ரத்து செய்தீர்கள் என்று கேட்டதற்கு, கம்பெனிக்காரர், ‘அந்த ஊர்க்காரங்க நட்டதை வந்து பார்க்கட்டும்னு சொல்லிட்டாங்க’ என்று கேலியாகச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா எப்படியோ விசாரித்து மாமாவின் எண்ணைப் பிடித்துவிட்டார். “நானும் எங்க வீட்டுக்காரரும் மட்டும்தான். நட்டதைப் பாக்க வரலாமா?” என்று கேட்டாராம். மாமா எங்கள் வாசலில் வந்து நின்றுகொண்டு அதை மூன்று தடவை சொன்னார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, “புள்ள, முறை மறுபடி கடைசி வீட்டுலேருந்துதான். பைய ஓரமா வையி, காலு தடுக்குது” என்றார்.

அவர்கள் வந்த மறுநாள் காலையில் நான் வழக்கம்போலத் தண்ணீர் பார்க்கப் போனேன். மாமா அவர்கள் இருவரையும் என் பின்னால் அனுப்பிவிட்டார். “அவரு பேச மாட்டாருங்க. நீங்களும் பேசாமப் போங்க, சரியா இருக்கும்” என்று அவர்களிடம் சொன்னது என் காதில் விழுந்தது. ஈர வரப்பில் மூன்று பேரும் வரிசையாக நடந்தோம். வயலில் ராத்திரி நின்ற தண்ணீர் குறைந்திருந்தது. நண்டு வளைதான். வரப்புக்கு அடியில் நண்டு துளைத்துவிட்டால், ஒரு விரல் அளவு ஓட்டையில் முழு வயல் தண்ணீரும் சத்தமில்லாமல் இறங்கிப் போய்விடும். எங்கே என்று தேட வேண்டும். தண்ணீரின் மேல் சின்னதாக ஒரு சுழி தெரியும். நான் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன். அந்த அம்மா திடீரென்று, “இங்க பாருங்க, தண்ணி சுத்துது!” என்றார். குனிந்து பார்க்கப் போய், முழங்கால் வரை சேற்றில் இறங்கிவிட்டார். புருஷன் பதறிக் கையை நீட்டினார். அவரோ சிரித்துக்கொண்டு, “என்னை விடுங்க, ஓட்டையை அடைங்க” என்றார். வைக்கோலைச் சுருட்டி அவர் கையில் கொடுத்தேன். உள்ளே திணித்து, மேலே சேறு போட்டு மிதிக்க வேண்டும்.

“இன்னும் உள்ள தள்ளுங்க. நல்லா மிதிங்க. வைக்கோலு வெளில தெரியக் கூடாது.”

இதைச் சொன்னது நான்தான். சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. வேலையைப் பற்றி என்றால் எனக்குப் பேச வருகிறது.

வளையிலிருந்து பிடித்த நண்டுகளை என் மனைவி இடித்து ரசம் வைத்தாள். அந்த அம்மா இரண்டு தடவை வாங்கிக் குடித்தார். ஊருக்குப் போனதும் தன்னோடு வேலை பார்க்கிறவர்களிடம் எங்கள் நண்டு வளையைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறார். அவர்களில் நாலு பேர் வந்தார்கள். பிறகு அவர்களுக்குத் தெரிந்த ஆறு பேர். யாரும் பஸ்ஸில் வரவில்லை. மன்னார்குடியில் இறங்கி டவுன் பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்து வந்தார்கள். ஆட்டோக்காரரும் எங்கள் ஊர்க்காரர்தான். மாமா தன் வீட்டு வாசலில் ஒரு கரும்பலகை மாட்டினார். அந்த மாதத்தில் வயலில் என்ன வேலை என்று அதில் எழுதியிருக்கும். களையெடுப்பு என்றால் களையெடுப்பு. அறுப்பு என்றால் அறுப்பு. கோடையில் ‘வேலை ஒன்றும் இல்லை, வாய்க்கால் தூர் வாருகிறோம்’ என்று எழுதினார். அதற்கும் ஆள் வந்தது. போனில் யாராவது ‘எப்போது வரலாம்’ என்று கேட்டால், பலகையை வாசித்துக் காட்டிவிட்டு, “இதுல ஒங்களுக்கு எது ஒத்து வருதோ அப்ப வாங்க” என்பார்.

தீபாவளி கழிந்தது. பை கூடத்தில் இருந்து கூடத்து மூலைக்குப் போனது. மூலையிலிருந்து எப்போது பரணுக்குப் போனது என்று நான் பார்க்கவில்லை. ஒருநாள் நிமிர்ந்து பார்த்தபோது அங்கே இருந்தது. மேலே எலி கடித்த ஓட்டைகூட இருந்தது. ஓட்டையைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டவன் நானாகத்தான் இருப்பேன். எங்கள் தெருக்கோடியில் இப்போது திருப்பூருக்குப் போயிருக்கிற பெண்கள் யாரும் இல்லை. விருந்தாளிகளால் எங்கள் ஊர் பெரிய ஊராகிவிடவில்லை. எல்லா வீட்டிலும் கழிப்பறை வந்தது, வருஷாவருஷம் வாய்க்கால் தூர் வாரப்படுகிறது, ராத்திரி சாப்பாட்டுக்கு எல்லோரும் வீட்டில் இருக்கிறோம். எனக்குத் தெரிந்த நன்மை இவ்வளவுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன், ஒரு பங்குனியில் மாமா மௌத்தாகிவிட்டார். நெஞ்சு வலி என்று மன்னார்குடிக்குக் கொண்டுபோனார்கள்; திரும்பி வரவில்லை. துபாயிலிருந்து மகன் வரும்வரை காத்திருந்து சந்தூக்குப் பெட்டியை எடுத்தார்கள். எங்கள் தெருக்கோடி ஆட்கள் மட்டும் வேலிக்கு வெளியே கூட்டமாக நின்றிருந்தோம். தோள் கொடுக்கலாமா, கூடாதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவர்கள் முறை வேறு, எங்கள் முறை வேறு. நான் எல்லோருக்கும் பின்னால் நின்றேன். மாமாவின் தம்பி திரும்பிப் பார்த்தார். “என்ன மாப்ளே தூரமா நிக்கிறீங்க? முறை ஒங்க பக்கத்துலேருந்துதானே ஆரம்பம்? வாங்க” என்றார். வாசலிலிருந்து தெருமுனை வரை நாங்கள் தூக்கினோம். அப்புறம் மற்றவர்கள் வாங்கிக்கொண்டார்கள். பள்ளிவாசல் வரை பின்னாலேயே நடந்தேன். அழ வேண்டும் போல இருந்தது. கூச்சமாக இருந்ததால் வீட்டுக்கு வந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது அழுதேன்.

மாமா போன பிறகு மாடியை மாமியும் என் மனைவியும் பார்த்துக்கொள்கிறார்கள். பலகையில் எழுதுவது என் மகள். என்ன எழுதுவது என்று சொல்வது நான். கொக்கு மட்டும் யாருக்கும் வரவில்லை. மாமா அதை யாருக்கும் காட்டிக் கொடுத்ததில்லை. கேட்டால், “அது சபுர் ரகசியம் மாப்ளே. விசா இருந்தாத்தான் சொல்லுவேன்” என்பார். அவர் கடைசியாக மடித்தது ஒன்று அலமாரியில் அப்படியே இருந்தது. அதைக் கலைக்க மாமிக்கு மனம் வரவில்லை. போன ரமலான் முடிந்ததும் மாமியே அதை என்னிடம் கொடுத்து, “பிரிச்சுப் பாத்துக் கத்துக்கப்பா. இது இப்பிடியே இருந்து யாருக்கு என்ன?” என்றார். ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தேன். பிரித்தது எனக்கு ஞாபகம் இருந்தது. திரும்ப மடித்தால் கழுத்து மட்டும் நிற்கவில்லை.

நட்டதைப் பார்க்க வந்த அந்த ஆசிரியை அம்மா வருஷத்துக்கு ஒரு தடவை வந்துகொண்டிருக்கிறார். போன தடவை வந்தபோது, மாமாவைப் பற்றி அவரிடம் நான் சொல்ல முயன்று பாதியில் நின்றுவிட்டேன். “பேச வேண்டாம், எழுதுங்க” என்று ஒரு நோட்டை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். நாற்றங்கால் வேலை, உழவு, நடவு என்று நான் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். இன்றைக்கு மாலை அவர் மறுபடி வருகிறார். என் வயலில் நேற்று நட்டு முடித்தோம்.

அதனால் காலையிலேயே மாடிக்குப் போய், மாமி கஞ்சி போட்டு வைத்திருந்த ஈரிழைத் துண்டை எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். சன்னல் திறந்திருந்தது. புது நடவில் கொக்குகள் இறங்கியிருந்தன. அவற்றைப் பார்த்துப் பார்த்து மடித்தேன். உடம்பு வந்தது, வால் வந்தது. கழுத்து வழக்கம்போல முன்னால் விழுந்தது. நிமிர்த்தினேன், விழுந்தது. கீழே போய், வைக்கோல் போரில் ஒரு பிடி உருவி, இறுக்கமாக முறுக்கி, கழுத்து மடிப்புக்குள் நுழைத்தேன். வைக்கோல் வெளியில் தெரியாமல் துண்டை இழுத்து மூடினேன்.

நின்றது.

அப்போது என் மனைவி குடத்தைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தாள். கட்டிலைப் பார்த்துச் சட்டென்று வாசலிலேயே நின்றாள். “உஸ்!” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். குடத்தைக் கீழே வைத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். நானும் சிரித்தேன்.

அவள் இறங்கிப் போன பிறகு அங்கேயே, அந்த மேசையில் உட்கார்ந்து இதை எழுதத் தொடங்கினேன். ஆட்டோ வரும் நேரமாகிவிட்டது. கொக்கு இன்னும் விழவில்லை.

புரட்டாசி மாதம், கடைசிச் செவ்வாய்க்கிழமை.